நான்கு கிலோ

விடுதித் துணிகள் மாலை ஏழுக்கு அஜ்மான் வந்து சேரும்.
விடியுமுன், மூன்று மணிக்கு, வெள்ளையாய்த் திரும்ப வேண்டும்.
பதினோரு நாளாய்
லாரிகள் நாற்பது நிமிடம் தாமதம்.

மாற்றம் தேவை என்றார் தர்வத்.
எது மாற என்று சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமைக்குள் என்றார்.

நோயைப் பார்த்து மருந்து என்பார்கள்.
நான் மருந்துப் பெட்டியைத்தான் பார்த்தேன்.
கருத்துக்கணிப்பு என்றால்
நாலு மொழியில் அச்சடிக்க வேண்டும்,
பதில் வர ஆறு வாரம்,
வந்த பதிலைப் படிக்கவும் வேண்டும்.
பயிற்சி வகுப்பு வைக்கலாம்.
இரவு வேலைக்காரனைப் பகலில் உட்காரவைத்தால்
ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் நன்றாகத் தூங்குவான்.
மணல்மேட்டுக்கு அழைத்துப்போய்க்
கயிறிழுக்க வைக்கலாம், ஒற்றுமை வளருமாம்.
ஜூலையில் கயிறே கையைச் சுடும்.
மேற்பார்வையாளரைத் தூக்கிவிடலாம். செலவே இல்லை.
அதையும் இரண்டு நாள் யோசித்தேன், மறைக்கமாட்டேன்.

மிஞ்சியது பெட்டி வரைவது.
யார் யாருக்குக் கீழே,
எந்தக் கோடு எங்கே போய் முட்டும்.
ஷார்ஜாவில் முன்பு வரைந்திருக்கிறேன். பலித்தது.
அல்லது, பலித்த நேரத்தில்
நான் அங்கே இருந்தேன்.
கையில் ஊசி உள்ளவன் கண்ணுக்கு
ஊரெல்லாம் கிழிசல்.

வியாழன் இரவே வரைந்து முடித்தேன்.
மூன்றாம் மெஷினில் ஒன்பது வருடம் நின்ற சூசைமாணிக்கம்
மடிப்பு மேசைக்குப் போனார்.
யூனுஸுக்கு ஆரஞ்சுச் சட்டையும் ஒரு விசிலும்.
பழுதுபார்க்கும் பிரிவைக் கணக்குப் பிரிவுக்குக் கீழே வைத்தேன்,
தாளில் அங்கேதான் இடம் இருந்தது.
கூட்டம் போட்டு விளக்கினேன்.
மொழிகள் நாலு, தலையாட்டல் ஒன்று.

முதல் வாரம் லாரிகள் நேரத்துக்குக் கிளம்பின.
நான் வாசலில் நின்றேன், அதனால்.
எட்டாம் நாள் வீட்டில் தூங்கினேன்.
நாற்பது நிமிடம்.

பிறகு ஒரு இரவு
சார்ஜரை மறந்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்பி வந்தேன்.
தரம் பார்க்கும் மாரிசெல்
அழுக்குத் துணி நிறுக்கும் தராசின் மேல் நின்று
தன் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என்னைக் கண்டதும் இறங்கவில்லை, சிரித்தாள்.
"நாலைக் கழிச்சுக்கணும் சார்,
ஃபோர்க்லிஃப்ட் இடிச்சதிலிருந்து இப்படித்தான்."

அறுபது கிலோ என்று நாங்கள் போட்டதெல்லாம்
ஐம்பத்தாறு.
தொண்ணூறு சுமை தொண்ணூற்றாறு ஆகியிருந்தது.
எட்டு மெஷினுக்கும் ஆளுக்கு ஒன்று போல
கூடுதலாய் ஒரு சுற்று.
ஒரு சுற்று, நாற்பது நிமிடம்.

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"
"ரிப்பேர்காரரிடம் சொன்னேன்.
கணக்குப் பிரிவில் கையெழுத்து வாங்கச் சொன்னார்.
அவர்கள் குழுத் தலைவரைக் கேட்கச் சொன்னார்கள்.
என் குழுத் தலைவர் யார் சார்?"

கோட்டை மனதில் தேடினேன்.
அவள் பெயருக்கு மேலே போன கோடு
தாளின் ஓரத்தில் நின்றிருந்தது.

நூற்றைம்பது திர்ஹம்.
திருகு ஆணியோடு வந்தவன் தேநீர் ஆறுமுன் போய்விட்டான்.
அன்றிரவே மூன்று மணிக்கு லாரிகள்.

அறிக்கையில் தராசைப் பற்றி எழுதினேன்,
ஏழாம் பக்கத்தில்.
தர்வத் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்.
என் பெட்டிகளுக்குச் சட்டம் போட்டு
வரவேற்பறையில் மாட்டச் சொன்னார்.
அபுதாபிக் கிளைக்கும் இதையே செய்யேன் என்றார்.
சரி என்றேன். வாய் அப்படித்தான் பழகியிருக்கிறது.

நேற்று சூசைமாணிக்கம் கதவருகே வந்து நின்றார்.
விரல்களில் தலையணை உறைப் பஞ்சு.
"தராசு சரியாயிருச்சே சார்,
நான் மூணாம் மெஷினுக்குப் போலாமா?"

அபுதாபிக்கு ஸ்கேல் வைத்து
முதல் கோடு இழுத்துக்கொண்டிருந்தேன்.
கோடு முடியும்வரை நிமிரவில்லை.
பார்க்கலாம் என்றேன்.